நகராட்சிக்கு விடுமுறை! நோய்க்கு விடுமுறை உண்டா?

நாளை அரசு விடுமுறை என்பதால் அலுவலகம் இயங்காது. வரும் புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி, தாய்மார்கள் பயன்பெறவும். சாலைப் பணி நடைபெறுவதால் வாகனங்கள் மாற்றுப் பாதையில் செல்லவும், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

தமிழ்நாட்டில் எந்த நகராட்சியின் அறிவிப்புப் பலகை முன்னால் போய் நின்றாலும் இந்த மூன்றில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அறிவித்துவிட்டோம், கடமை முடிந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். படித்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சாவது ஏழையின் பிள்ளை!

இது என்ன பேச்சு, ஒரு சாதாரண அறிவிப்புக்கு இவ்வளவு ஆவேசமா என்று முகம் சுளிப்பவர்கள் கருணாபுரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

கருணாபுரம் சொல்லும் பாடம்

கருணாபுரம் எங்கோ காட்டுக்குள் ஒளிந்திருக்கும் குக்கிராமம் அல்ல. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் கூலித் தொழிலாளர் குடியிருப்பு. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி ஒரு மாவட்டத்தின் தலைநகரம். 2022 ஜனவரி 12 முதல் அந்த மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில். அதிகாரிகளுக்குப் பஞ்சமே இல்லாத ஊர்!

2024 ஜூன் 17, திங்கட்கிழமை, ஹஜ் பெருநாள். அரசு விடுமுறை. மறுநாள் அலுவலகங்கள் எல்லாம் திறந்தன. அதே நாளில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயமும் தாராளமாக விற்பனையானது. 19-ஆம் தேதி சாவு வரிசை கட்டி நின்றது. சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் பறந்தன. அடுத்தடுத்த நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. தாயையும் தகப்பனையும் ஒருசேரப் பறிகொடுத்த பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அன்றைக்கு அந்த மக்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் அறிவிப்பு. இந்தச் சாராயத்தில் விஷம் இருக்கிறது, யாரும் தொடாதீர்கள், குடித்தவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று ஓர் ஆட்டோவில் மைக்கைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லியிருக்க வேண்டும். வந்தது என்ன? முதலில் இறந்தவர்களின் சாவுக்குச் சாராயம் காரணமில்லை என்கிற ரீதியில் மாவட்ட நிர்வாகத்தின் பேச்சுதான் வந்தது. அதன் பிறகு ஆட்சியர் மாற்றம், காவல் கண்காணிப்பாளர் சஸ்பெண்டு, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய், ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம். 2024 நவம்பர் 20-இல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது சென்னை உயர் நீதிமன்றம். அத்தனையும் பிணம் விழுந்த பிறகு!

மது நமக்கு ஹராம், இதில் நமக்கென்ன என்று ஒதுங்கி நிற்கும் சகோதரர்களிடம் கேட்கிறோம். மூக்குக்கு முன்னால் நடந்த விஷ வியாபாரத்தைப் பார்க்காத நிர்வாகம், உங்கள் தெருக் குழந்தையின் தடுப்பூசிக் கணக்கை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துவிடுமா? உங்கள் கடைத்தெருவில் போடும் தார் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்த்துவிடுமா? அதே நிர்வாகம்தானே இதையும் நடத்துகிறது!

ஜனநாயகத்துக்கே ஐந்தாண்டு விடுமுறை

பண்டிகைக்கு ஒரு நாள் அலுவலகம் பூட்டிக் கிடப்பதை நாம் குறை சொல்லவில்லை. அரசு ஊழியனும் மனிதன்தான், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. ஆனால் ஜனநாயகத்துக்கே விடுமுறை விட்டார்களே, அதை எத்தனை பேர் கவனித்தோம்?

1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்தன. சாலை, குடிநீர், பொதுச் சுகாதாரம், துப்புரவு என 18 பணிகளை நகராட்சிகளுக்கு உரியவையாக 12-வது அட்டவணை வரிசைப்படுத்துகிறது. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பதும் அரசியல் சட்டத்தின் கட்டளை. நடந்தது என்ன? 2016 அக்டோபரில் தமிழகத்தின் உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்தது. கள்ளக்குறிச்சி உள்ளிட்ட 9 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்! நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-இல்! இடையில் ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் தனி அலுவலர்களின் ராஜ்யம். வார்டு மக்கள் கதவைத் தட்டுவதற்கு ஒரு கவுன்சிலர் இல்லை. கேள்வி கேட்க ஒரு கூட்டம் இல்லை. ஆனால் சொத்து வரி ரசீது மட்டும் தவறாமல் வந்தது. தொழில் வரிக்கு விடுமுறை இல்லை. வரி வாங்க விடுமுறை தெரியாத நிர்வாகத்துக்கு வேலை செய்ய மட்டும் விடுமுறை தெரிகிறதா?

இந்த ஐந்தாண்டு விடுமுறையை எதிர்த்து ஒரு கடையடைப்பு நடந்ததா? ஒரு ஜமாஅத் தீர்மானம் போட்டதா? கடைக்கு முன்னால் ஒரு நாள் குப்பை அள்ளவில்லை என்றால் கொதிக்கும் வணிகப் பெருமக்கள், அந்தக் குப்பையைக் கேட்க வேண்டிய மன்றமே ஐந்தாண்டு பூட்டிக் கிடந்தபோது எங்கே போயிருந்தார்கள்?

ரோடு இல்லையேல் ஊசியும் இல்லை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறினால் வெள்ளிமலை. அதைச் சுற்றிக் கல்வராயன் மலைக் கிராமங்கள். பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் பூமி. நாடு 1947-இல் விடுதலை பெற்றது. இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், இந்த மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு சாலை, மருத்துவம், கல்வி என ஒவ்வொன்றாக அரசிடம் கேள்வி கேட்டது. விடுதலை பெற்று 77 ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில், ஒரு மலைக்கு ரோடு போட்டாயா என்று நீதிமன்றம் கேட்க வேண்டிய நிலை! வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

ரோட்டைப் பற்றிய பேச்சில் தடுப்பூசிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டிய சரக்கு. ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ரோடு இல்லாத ஊருக்கு அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு செவிலியர் நடக்க வேண்டும். அல்லது பச்சைக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய் நடக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மைல் கணக்கில் நடந்து வந்தவளிடம், இன்றைக்கு விடுமுறை, அடுத்த வாரம் வா என்றால் அவள் மறுபடி வருவாளா? விடுமுறையும் ஊசியும் ரோடும் பலகையில் மூன்று தனித்தனி அறிவிப்புகளாக இருக்கலாம். அந்தத் தாய்க்கு மூன்றும் ஒன்றுதான்!

இது கற்பனைக் கணக்கு அல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தத் துயரத்துக்குப் பின் தெருவுக்கும் அங்கன்வாடிக்கும் வந்து ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும் என்றானது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தூரம் கூடியது. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகக் குழந்தைகளில் 80.9 சதவீதம் பேர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். 2015-16 ஆய்வில் அது 69.7 சதவீதமாகச் சரிந்தது. 2019-21 ஆய்வில்தான் 89.2 சதவீதத்துக்கு மீண்டு ஏறியது. சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் சேவை இருக்கும் இடத்துக்கு ஏழை வர முடியாவிட்டால், சேவை இருந்தும் இல்லாதது போலத்தான்.

வதந்தி வியாபாரிகளே, போதும் நிறுத்துங்கள்!

ஆட்சியாளர்களை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துவிட முடியாது. நம் மஹல்லாக்களிலும் ஒரு வியாபாரம் நடக்கிறது. அது வதந்தி வியாபாரம்.

2017 பிப்ரவரி 6-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகத்தில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகப் போட்ட ஊசி. வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பியது. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே பயந்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. பயந்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். ஆனால் நம்மிடையே ஒரு கூட்டம் இதற்கு மார்க்கச் சாயம் பூசி, முஸ்லிம்களின் மக்கள்தொகையைக் குறைக்கும் சதி என்று கதை கட்டியதே, அதை யார் கேட்டார்கள்?

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் உஸாமாவைத் தேடுவதற்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் நாடகம் நடத்தியது உண்மை. மருந்துப் பெட்டியை உளவுப் பெட்டியாக மாற்றிய அயோக்கியத்தனம் அது. தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014-இல் வெள்ளை மாளிகையே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் விலை கொடுத்தது யார்? அமெரிக்கக் குழந்தையா? இல்லை! பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கப்போன ஏழைப் பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இளம்பிள்ளை வாதம் அந்த மண்ணை விட்டுப் போக மறுத்தது. கால் சூம்பியது முஸ்லிம் குழந்தைக்குத்தான்!

நம் நாட்டின் அனுபவத்தையும் பாருங்கள். 2002-இல் இந்தியாவில் 1,600 குழந்தைகளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அங்கே முஸ்லிம் குழந்தைகள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி அந்தச் சந்துகளில் உலவியது. பிறகு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களும் உலமாக்களும் வீடு வீடாக, பள்ளிவாசல் பள்ளிவாசலாக இறங்கிப் பேசினார்கள். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோயின் காட்டு வைரஸ் எந்தக் குழந்தையையும் தாக்கவில்லை. 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்தச் சான்றிதழில் உலமாக்களின் உழைப்பும் இருக்கிறது. இது நம் பெருமை! இதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வதந்தியைப் பார்வர்டு செய்ய மட்டும் விரல் வருகிறது.

ஹஜ்ஜுக்குப் போகும் போது மூளைக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் எந்த ஹாஜியாவது விமானம் ஏற முடியுமா? புனித மண்ணுக்குப் போக ஊசி ஆகும், நம் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு மட்டும் ஆகாதா? இது என்ன நியாயம்?

கடைத்தெருவுக்கு ஒரு வார்த்தை

அடுத்து, வணிகர்களை நேரடியாகத் தொடும் விஷயம், ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டுகிறார்கள். பத்தாண்டில் ரோடு உயர்ந்து கடை பள்ளமாகிறது. ஐப்பசி மழையில் சரக்கு மூட்டை மிதக்கிறது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போட்டபோது அந்த உத்தரவை ஒப்பந்ததாரரிடம் காட்டிக் கேட்டவர் எத்தனை பேர்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய் கட்டினால் மதிப்பீட்டின் நகலைக் கேட்கலாம். அளவுப் புத்தகத்தைப் பார்க்கலாம். பணி நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றளித்துப் பெறவும் அந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவு உரிமை தருகிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். கையில் இவ்வளவு பெரிய ஆயுதம் இருக்க, நாம் என்ன செய்கிறோம்? கவுன்சிலருக்குச் சால்வை போடுகிறோம்! ரோடு போட்டதற்கு நன்றி என்று போஸ்டர் ஒட்டுகிறோம்! நம் வரிப் பணத்தில் போட்ட ரோட்டுக்கு நாமே நன்றி சொல்லும் அவலம் வேறெங்கே உண்டு?

நியாயத்தை இரண்டு பக்கமும் பேச வேண்டும். கடைப் படிக்கட்டைச் சாக்கடைக்கு மேல் நீட்டிவிட்டு, தண்ணீர் போகவில்லை என்று மனுக் கொடுப்பதில் அர்த்தமில்லை. பெருநாள் அன்று குர்பானிக் கழிவைக் கால்வாயில் தள்ளிவிட்டு, துப்புரவுப் பணியாளர் வரவில்லை என்று குமுறுவதிலும் அர்த்தமில்லை. விடுமுறை நாளில் வந்து நம் கழிவை அள்ளுகிறவரும் பெரும்பாலும் கருணாபுரத்தைப் போன்ற ஒரு குடியிருப்பிலிருந்து வருகிறவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

விடுமுறை நாள்தான் உரிமை நாள்!

இளைஞர்களே! ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. நான்கும் அரசு விடுமுறை. இந்த நான்கு நாட்களிலும்தான் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்றானது. நகரத்திலும் இப்படி ஒரு கூட்டம் வேண்டும் என்று வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் அதே ஆண்டில் வந்தன. அலுவலகம் பூட்டியிருக்கும் நாளில்தான் மக்களின் மன்றம் திறக்கிறது! நாமோ அன்றைக்குக் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறோம். அல்லது பிரியாணிக்குப் பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம்.

கிராம சபை என்றால் பேருக்குக் கூடும் கூட்டம் என்று நினைக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில் சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர் உள்பட 13 வசதிகளுக்கு வன நிலத்தைத் தர வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. ஆகவே கல்வராயன் மலையில் ரோடு கேட்டு, வனத்துறை தடுக்கிறது என்று பதில் வந்தால், அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிகளில் ஒன்று மக்களின் கையிலேயே இருக்கிறது. விடுமுறை நாளில் கூடும் ஒரு கூட்டத்தின் தீர்மானத்தில் இருக்கிறது!

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவைதான். எந்த நாள் பூட்டியிருக்கும் என்று மட்டும் எழுதாதே. அன்றைக்குக் குடிநீருக்கு யார், துப்புரவுக்கு யார், அவசரத்துக்கு எந்த மருத்துவர் என்று பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுது. தடுப்பூசிப் புதன்கிழமை விடுமுறையாக வந்தால் மாற்று நாள் எது என்பதை ஒரு வாரம் முன்பே தெருவுக்குத் தெரிவி. ரோட்டுப் பணிக்குப் பலகை வைத்தால் தொகை எவ்வளவு, நீளம் எவ்வளவு, கனம் எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், முடியும் தேதி எது என்பதையும் அதிலேயே எழுது. ஆபத்து என்றால் மறைக்காதே. முதலில் மைக்கைக் கட்டு, விளக்கத்தைப் பிறகு கொடு.

ஜமாஅத்துகளிடம் கேட்பதும் உண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி விடுபட்டது என்று பாருங்கள். ஜும்ஆ முடிந்து கூட்டம் கலையும் முன் தடுப்பூசி நாளை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அந்தச் சத்தம் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கட்டும்; அங்கே இருக்கும் பிள்ளையும் பிள்ளைதான். வணிகர் சங்கங்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் ஊரின் எல்லா ரோட்டுக்கும் கணக்குக் கேட்டுவிடலாம்.

அடுத்த விடுமுறை எது என்று காலண்டரைப் புரட்டும்போது, அன்றைக்கு நம் ஊரில் எந்தக் கூட்டம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதையும் விசாரித்து எழுதி வையுங்கள். பத்துப் பேராகப் போங்கள். கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிய பிறகே எழுந்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்து தொடங்கட்டும் மாற்றம்!